எட்டாத எட்டு

பரந்தன் சந்தி, ரயர்க் கடைக்கு மேல்மாடி.
மேசை முல்லைத்தீவுப் பக்கம் ஒரு நூல் சரிவு.
ஒரு காலின் கீழ் சிகரட் பெட்டியை மடித்துச் செருகியிருக்கிறான்
கடைக்கார றெஜினோல்ட்.
இரண்டு பெட்டி செருகினால் பூநகரிப் பக்கம் சரியும்.
ஆகையால் ஒன்றுதான்.

இது தெரிந்தவன் இங்கே பாதி ஆட்டக்காரன்.
மெல்ல உருட்டும் பந்தென்றால்
அரைப் பந்து மேலே பிடித்து அடிக்கவேணும்.
எனக்குத் தெரியும்.
ஒரு கிளாஸ் வரைக்கும் தெரியும்.

முதல் கிளாஸ் நல்லவன்.
பகல் முழுக்க ரிப்பர் வளையத்தில் அதிர்ந்த கையைப்
பூனைக்குட்டியைப் போலப் பிடரியில் தூக்கிப்
பச்சைத் துணியில் கிடத்துவான்.
விரலிடுக்கில் கோல் அசையாது.
ஆறு பொக்கற்றும் கேணி மாதிரி வாய் திறக்கும்.

இரண்டாவதில் சரிவு நிமிர்ந்துவிடும்.
மேசை, காற்றில்லாத இரணைமடு.
நேராக அடிப்பேன். பந்து வளைந்து போகும்.
பந்தைத்தான் ஏசுவேன்.

மூன்றாவதில்
இலேசான பந்து கண்ணுக்குப் பிடிக்காது.
மூன்று விளிம்பு தட்டிக் கறுப்பைச் சுற்றி வந்து
மூலைக்குள் விழும் ஒரு அடி
நெற்றிக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும்.
கை செய்யாததை வாய் செய்து முடிக்கும்.

எல்லாருக்கும் ஒவ்வொன்று இருந்தது.
மாங்குளத்து வினோஜன் பின்படிக்கட்டில் புகைத்துவிட்டு வந்து
எதிராளியின் பந்துகளை ஒவ்வொன்றாய்ப் போட்டு முடித்து,
"என்ன அழகாய் உருளுது பார்" என்றான்.
கஜீபன் குடிப்பதில்லை.
அவனிடம் ஐஸ்.
இமைக்காமல் நாலு ஆட்டம் வென்றான்.
ஐந்தாவதில் கோல் முனைக்குச் சோக்கட்டி பூசத் தொடங்கினான்,
பூசினான், பூசினான்,
விரல் நீலமாகி, கட்டி முடிந்து,
வெறும் விரலாலும் பூசினான்.
கோலை நான்தான் வாங்கி வைத்தேன்.

இறுதி ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னம் நிற்பாட்டினேன்.
திருந்தினேன் என்று சொல்ல வரவில்லை.
ஐம்பதாயிரம் ரூபா பரிசு.

நடுக்கம் ரிப்பருடையது என்றுதான்
இத்தனை வருசம் சொல்லிவந்தேன்.
ரிப்பர் ஓடாத ஞாயிற்றுக்கிழமை
தேத்தண்ணிக் கோப்பை தட்டில் தாளம் போட்டது.
நுண்கடன்காரர் வேலை இது.
வீடு தேடி வந்து நிதானத்தைக் கையில் தருவார்கள்.
பிறகு கிழமைக்குக் கிழமை
அதே நிதானத்தை வட்டியோடு கேட்பார்கள்.
கட்ட, திரும்பவும் அவர்களிடமே வாங்கவேணும்.

எதிரில் நிரோசினி.
கார்மென்ற்ஸில் தையல் பரிசோதிக்கிறவள்.
பிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்ரீ.
ஒரு பந்தை அடிக்க முன்னம்
மேசையை ஒருதரம் சுற்றி வருவாள்,
நூல் விட்ட இடம் தேடுவதுபோல.

நாலுக்கு நாலு.
கடைசி ஆட்டம்.
கறுப்பு, நடுப் பொக்கற்றிலிருந்து ஒரு சாண்.
நெடுநாளைக்குப் பிறகு சரிவைக் கண்டேன்.
துணியில் தேய்ந்த தடம், சிகரட் சுட்ட ஓட்டை,
வெள்ளை எவ்விடத்தில் சோர்ந்து திரும்பும் என்பது,
எல்லாம் கண்டேன்.
மேலே பிடித்தேன், சரியாக அரைப் பந்து.
கணக்கில் பிழையில்லை.

கைதான்.

முனை ஒரு மயிரளவு விலகியது.
கறுப்பு வாயைத் தொட்டு, யோசித்து, வெளியே நின்றது.
மூலையில் ஒருவன் சிரித்தான்:
"ஒரு கால் போத்தல் போட்டிருந்தா விழுந்திருக்கும்."
விழுந்திருக்கும். அதுதான் கரைச்சல்.

அவள் சுற்றி வந்தாள். குனிந்தாள். போட்டாள்.
மேசையின் வயிற்றுக்குள் பந்து உருண்டுபோகும் சத்தம்
நிற்கும்வரை ஒருவரும் பேசவில்லை.

கை குலுக்கும்போது என் கையை
வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாய்ப் பிடித்திருந்தாள்.
"சரிவைப் பாத்தனீங்கள் என்ன?"
"பாத்தனான்."

இறங்கும்போது படிக் கம்பியைப் பிடித்தேன்.
கம்பியும் நடுங்கியது.
கீழே லொறியொன்று
முல்லைத்தீவு றோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.